மட்காத கூடுகள்

மண்ணுக்குள் போன காகிதம் ஏன் மட்கவில்லை? பைண்டரம்மாவின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேரட் நாற்று ஒன்றின் ஓரத்தை விரலால் கிளறினாள். மண் ஈரமாகப் பொலபொலவென்றிருந்தது. மண்புழு ஒன்று கூச்சப்பட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லாம் இருக்கவேண்டியபடி இருந்தது, நாற்றைச் சுற்றியிருந்த அந்தப் பழுப்புக் காகிதக் கூட்டைத் தவிர. அது மட்டும் நேற்றுத்தான் மடித்து வைத்ததுபோல விறைத்துக்கொண்டு நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மசியவில்லை.

"என்ன அண்ணி, காலங்காத்தால புதையல் தேடுறீங்களா?"

பின்கதவில் சாய்ந்தபடி நாத்தனார் நின்றாள். கையில் டீ, உடம்பில் காக்கிச் சட்டை. பஸ் கண்டக்டர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி சீட்டுவரைக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"காகிதம் அப்படியே இருக்கு, பாரு."

"இருந்தா நல்லதுதானே. அண்ணன் செஞ்ச வேலை அவ்வளவு லேசுல பிரியுமா?"

"பிரியணும். பிரியறதுக்குன்னுதான் அவர் செஞ்சாரு."

நாத்தனார் டீயை ஒரு வாய் குடித்தாள். அவள் அண்ணன் இறந்தபின் அந்த வீட்டில் பல பேச்சுகள் இப்படித்தான் பாதியில் இறங்கிக்கொண்டன.

பைண்டரம்மா என்பது தெரு வைத்த பெயர். அவள் கணவர் புத்தகம் பைண்டிங் செய்பவர். மாடியில் வீடு, கீழே பட்டறை, பட்டறைக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு நீளத் துண்டு மண். அவர் தைப்பார், வெட்டுவார், முதுகு வளைப்பார். அவள் தாள் மடிப்பாள், பசை காய்ச்சுவாள், வருகிறவர்களிடம் பேரம் பேசுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒட்டிய பெயர், அவர் போன பிறகும் உரியவில்லை. பட்டறையை மட்டும் அவள் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருப்பாள். குனிந்து வருகிற அளவுக்கு அவசரம் உள்ளவர்கள் வந்தால் போதும் என்று.

அந்த நீளத் துண்டு மண்ணில் பைண்டருக்கு எது வைத்தாலும் வந்தது. கீரை வந்தது, தக்காளி வந்தது, மிளகாய் கேட்காமலே வந்தது. கேரட் மட்டும் அவரிடம் முறைத்துக்கொண்டே இருந்தது. நேராக மண்ணில் விதையைத் தூவினால், கூரைத் தண்ணீர் கொட்டி அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும். சரியென்று தட்டில் முளைக்கவைத்து, தக்காளியைப் பிடுங்கி நடுவதுபோலப் பிடுங்கி நட்டார். ஒன்றும் உருப்படவில்லை. தோண்டி எடுத்ததைத் தங்கை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கேரட்டா, இல்ல கேரட்டோட கவலையா?" என்று கேட்டாள். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

ரோஷம் வந்தால் அவர் கத்தமாட்டார், விசாரிப்பார். கடை கடையாக நின்று விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். காய் வேரில் இருக்கிற செடிகளுக்கு வேரைத் தொட்டால் ஆகாது. ஆகவே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக ஒரு காகிதக் கூடு. உயரமாக, கைவிரல் நீளத்துக்கு. அதில் மண் போட்டு முளைக்கவைத்து, கூரைத் தண்ணீருக்குப் பயப்படாத அளவு வளர்ந்ததும் கூட்டோடு எடுத்து மண்ணில் புதைத்துவிட வேண்டும். காகிதம் மட்கிவிடும். வேர் தன்பாட்டுக்கு இறங்கும்.

"வீடு மாறினது அதுக்கே தெரியக்கூடாது," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த யோசனை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தூங்குகிற குழந்தையைக் கட்டிலோடு தூக்கி அடுத்த வீட்டில் வைப்பதுபோல என்பார்.

அதற்குள் உடம்பு அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. படுத்தாலும் கை சும்மா இருக்கவில்லை. பட்டறையில் மேலுறைக்கு வைத்திருந்த தடித்த பழுப்புத் தாளைத் துண்டு போட்டுத் தரச்சொன்னார். ஒரு கிண்ணம் பசை கேட்டார். ஒரு நாளைக்கு இரண்டு, தெம்பு இருந்தால் நான்கு என்று கூடுகள் ஜன்னலோரம் வரிசை கட்டின. நாத்தனார் மண் நிரப்பினாள், "எல்லாரும் உள்ள தள்ளிப் போ, உள்ள தள்ளிப் போ" என்று விரலால் அமுக்கியபடி. விதையை மட்டும் அவரே வைத்தார், பல்குச்சியை எச்சிலில் நனைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு.

முளை தலைகாட்டியதை அவர் பார்த்தார். அதன் பிறகு அதிக நாள் இல்லை.

வந்தவர்கள் எல்லாம் திரும்பிப்போன பிறகு, ஜன்னலில் நின்ற நாற்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. யாரோ ஊற்றியிருக்கிறார்கள், அவை உயிரோடு இருந்தன. அவர் சொன்னபடியே பிரிக்காமல், சிந்தாமல், கூட்டோடு கொண்டுபோய் இருவருமாக மண்ணில் வைத்தார்கள். வைக்கும்போது பேசிக்கொள்ளக்கூட இல்லை. தூங்குகிறவற்றை எழுப்பிவிடக்கூடாதே.

அதற்குப் பிறகுதான் இந்த அடம். நாற்றுகள் சாகவுமில்லை, வளரவுமில்லை. இலை நுனி மஞ்சளாகி, கல்யாண வீட்டில் தெரிந்த முகம் தேடுகிற ஆள்மாதிரி நின்றன. கடைசி வரிசை மட்டும் தழைத்துக்கொண்டு போனது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். ஒரு வரிசைக்கு மட்டும் என்ன யோகம்?

பைண்டரம்மாவுக்கு ஒன்று புரியவில்லை என்றால் சோறு இறங்காது. சின்ன வயதில் கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி அடி வாங்கியவள். கணவர் போனதிலிருந்து அவளுக்கு எதைப் பற்றியும் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இப்போது முதல்முறையாக மூக்கு நுனியில் ஏதோ அரித்தது.

விதைக்கடைக்குப் போனாள். விதைக்கடைக்காரர் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்கிற ஜாதி.

"கூடு மட்கமாட்டேங்குதுங்க."

"எந்தக் கூடு?"

"எங்க வீட்டுக்காரர் தாள்ல செஞ்சது."

"ஓ. அவர் செஞ்சதா?" அவர் ஒரு நொடி நிறுத்தினார். இரங்கல் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டார். அதற்காகவே அவள் அவரை மதித்தாள். "வழவழன்னு மேல பூசின தாளா?"

"இல்லீங்க. சாதாரணப் பழுப்புத் தாள்."

"அடியில ஓட்டை வெச்சீங்களா?"

"வெக்கலை. மட்கிடும்னு சொன்னாரு."

"நல்ல தாளா இருந்தா இந்நேரம் கூழாயிருக்கணுமே. அதுல வேற என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்?"

"என்னைக் கேட்டா? தாளைப் பத்தி நீங்கதானே எனக்குச் சொல்லணும்?" ஒரு வெண்டை விதைப் பொட்டலத்தை அடுக்கில் செருகிவிட்டுச் சேர்த்துக்கொண்டார், "காரணம் அப்புறம் பாருங்க. முதல்ல பிளேடு வெச்சுக் கூட்டை அறுத்து எடுத்துடுங்க. வேர் கீழ முட்டி முட்டிக் கெட்டுப்போகும்."

இதை வீட்டில் சொன்னதும் நாத்தனாரின் முகம் மாறிவிட்டது.

"பிளேடா? அண்ணன் செஞ்சதுல பிளேடா?"

"ஒரு யோசனை சொன்னாரு, அவ்வளவுதான்."

"அவர் யோசனையை அவர் கடையில வெச்சுக்கச் சொல்லுங்க. கேரட்டைத் தொட்டா கெட்டுடும்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. தொடாம இருக்கத்தானே இவ்வளவு பாடும்?"

அதுவும் நியாயம்தான். ஆனால் மறுநாள் காலை பைண்டரம்மா, பழைய பெயிண்ட் டப்பா ஒன்றில் மண் நிரப்பி, அதில் நான்கு காகிதத் துண்டுகளைப் புதைத்தாள். ஒன்று வெறும் பழுப்புத் தாள். ஒன்று அதே தாள், மடித்துப் பசை ஒட்டியது. ஒன்று செய்தித்தாள். இன்னொன்று செய்தித்தாள், பசை ஒட்டியது. அடையாளத்துக்குக் குச்சி நட்டு, தினமும் தண்ணீர் தெளித்தாள்.

"எதுக்கு அண்ணி தண்ணி ஊத்துறீங்க? என்ன போட்டிருக்கீங்க?"

"பேப்பர்."

நாத்தனார் டப்பாவை எட்டிப் பார்த்தாள். "முளைச்சா எனக்கு ஒரு வாரப் பத்திரிகை குடுங்க."

பைண்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான், வந்துவிட்டது என்று கவனித்தாள்.

சில வாரம் கழித்துத் துண்டுகளைத் தோண்டி எடுத்தபோது விஷயம் பளிச்சென்றிருந்தது. வெறும் செய்தித்தாள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது, மண்ணோடு மண்ணாகியிருந்தது. வெறும் பழுப்புத் தாள் தொட்டால் பிய்ந்தது. பசை ஒட்டிய இரண்டும் குத்துக்கல்லாட்டம் கிடந்தன. பழுப்புத் தாளின் ஒட்டில் விரலால் தேய்த்தாள். ஓரத்தில் மங்கலாக ஒரு நீலம் தெரிந்தது.

அவள் எழுந்து பட்டறைக்குள் போனாள். பசை காய்ச்சுகிற சட்டிக்கு மேலே, அடுக்கில், மூடி போட்ட கண்ணாடிப் புட்டி. உள்ளே நீலக் கற்கண்டுபோல மயில்துத்தம். மைதா மாவைக் கரைத்து அடுப்பில் கிண்டி, இறக்கப்போகும்போது அதில் ஒரு சிட்டிகை. பூச்சி அரிக்காது, பூஞ்சணம் பிடிக்காது, புத்தகம் ஆண்டாண்டுக்கும் நிற்கும். உப்பு போடுவதுபோல, யோசிக்காமல் போட்டுவந்தது. படுக்கையிலிருந்து அவர் கேட்ட பசையும் அதே சட்டிப் பசைதான். காலத்துக்கும் மட்கக்கூடாது என்று காய்ச்சிய பசையை எடுத்து, மட்கவேண்டிய கூட்டில் பூசியிருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி நடக்காது.

அப்படியானால் அந்தக் கடைசி வரிசை? அதையும் நினைவுபடுத்திப் பார்த்தாள். கடைசி நாட்களில் அவள் கீழே இறங்கவே இல்லை. பட்டறை பூட்டிக் கிடந்தது. கிண்ணத்தில் பசை தீர்ந்ததை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒட்டாமல், ஓரத்தை ஓரத்துக்குள் செருகியே கூடு செய்திருக்கிறார். அவைதான் மண்ணில் கரைந்துபோய், வேரை இறங்கவிட்டிருந்தன.

சாயங்காலம் நாத்தனார் பணப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் இதைக் கொட்டிவிட்டாள். நாத்தனார் நின்றபடியே கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ நம்ம கடைப் பசை நல்ல பசைன்னு சொல்லுங்க," என்று சிரித்தாள்.

"ரொம்ப நல்ல பசை."

"விஷமா அது? அப்புறம் கேரட்டைத் திங்கலாமா?"

"விதைக்கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வந்துட்டேன். திராட்சைக்கு இதைவிட அதிகமா அடிக்கிறாங்களாம். கூட்டை எடுத்துட்டா போதும், தோலைச் சீவிட்டுச் சாப்பிடலாம்னாரு. நேராச் சொல்லலை, 'திராட்சை சாப்பிட்டதில்லையா?'ன்னு கேட்டாரு. எடுத்துடலாமா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேணாம் அண்ணி."

"எடுக்கலைன்னா செத்துடும்."

"எடுத்தாலும் சாகலாம். சாகலாமா சாகாதா?"

"சாகலாம்." பைண்டரம்மா பொய் சொல்லவில்லை. "அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

நாத்தனார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஷூவின் கயிற்றை அவிழ்த்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவள் அவ்வளவு தணிந்து பேசி அண்ணி கேட்டதில்லை. "அண்ணன் ஆயுசு பூரா வேலை செஞ்சாரு. எத்தனை புத்தகம். அதுல ஒண்ணு இந்த வீட்டுல இருக்கா, காட்டுங்க."

பைண்டரம்மா சுற்றிப் பார்த்தாள். அலமாரியில் இருந்த ஏழெட்டுப் புத்தகங்களும் முதுகு பிய்ந்தவை. அகராதி கயிறு கட்டிக் கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று அவர் தள்ளிப்போட்டவை. அவர் கட்டிய புத்தகங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டிலும் யார் யார் வீட்டிலோ இருந்தன.

"எல்லாத்தையும் ஊருக்குச் செஞ்சு குடுத்தாரு. நமக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான். அதையும் பிரிச்சுப் போட்டுட்டா என்ன இருக்கு?"

கூட்டைக் காப்பாற்றினால் நாற்று போகும். நாற்றைக் காப்பாற்றப் போனால் கூடு போகும், ஒருவேளை நாற்றும் சேர்ந்தே போகும். இரண்டும் அவர் கைபட்டவைதான். இரண்டுக்கும் உரிமை உள்ளவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர், ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம்.

அடுத்து வந்த நாட்களில் நாத்தனார் வேலைக்குக் கிளம்பும் முன் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் போவாள். காவல் காக்கிறாளா, கவலைப்படுகிறாளா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை. ஒரு நாற்று சாய்ந்தது. நாத்தனாரே அதை எடுத்தாள். காய்ந்த நூல்போல ஒட்டிக்கொண்டிருந்த தண்டைக்கூடக் கிள்ளாமல், கூட்டைத் துடைத்து ஜன்னலில் பழைய இடத்திலேயே வைத்தாள். அண்ணி பார்த்தாள். அவ்விடத்தில் அது சில நாள் இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் நாத்தனாரின் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

ஒரு விடுமுறைநாள் காலையில் அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணி, அது நல்லாவே இல்லை."

"எது?"

"ஜன்னல்ல வெச்சிருக்கேனே. பஸ்ஸைக் கழுவித் துடைச்சு டிப்போவுல நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கு. ஆள் ஏறாத பஸ்ஸு. அண்ணன் அதுக்கா செஞ்சாரு?" கையைப் பிசைந்தாள். "சரி, எடுங்க. ஆனா கிழிக்கக்கூடாது. பிளேடு கூடாது."

"ஒட்டினதைப் பிரிக்கத் தெரியாத பைண்டரம்மாவா நான்? நீ நாத்தைப் பிடிச்சுக்கோ, போதும்."

வெந்நீரை ஆறவைத்து, துணியை நனைத்து, தோண்டி எடுத்த முதல் கூட்டைச் சுற்றிப் போட்டாள். பழைய புத்தகத்தின் மேலுறையைக் கழற்ற எப்படிக் காத்திருப்பார்களோ அப்படிக் காத்திருந்தாள். பசை எவ்வளவு நல்ல பசையானாலும் மாவு மாவுதான், ஈரத்துக்கு ஒரு கட்டத்தில் இளகித்தான் ஆகவேண்டும். மழுங்கின கத்தி நுனியால் ஓரத்தைத் தேடினாள்.

ஓரம் அங்கே இல்லை.

அவர் மடிப்பு அவளுக்குக் கைப்பாடம். எதிரெதிரே உட்கார்ந்து அத்தனை வருஷம் மடித்தவர்கள். அவர் மடித்தால் வலப்பக்கத் தாள்தான் மேலே வரும், ஒட்டு இடப்பக்கம் விழும். இதில் எல்லாமே கண்ணாடியில் பார்த்ததுபோல மாறிக் கிடந்தது. கூட்டைத் திருப்பினாள். அடிமடிப்பும் அப்படியே, தலைகீழ்.

"இது அவர் மடிச்சதுதானா? நீ மடிச்சியா?"

"நானா? நான் டிக்கெட் கிழிக்கிற ஆளு. எனக்கெங்க மடிக்கத் தெரியும்?"

"பின்ன யாரு? இது அவர் மடிப்பே இல்ல. இடது கைக்காரங்க மடிச்ச மாதிரி இருக்கு."

நாத்தனார் நாற்றைப் பிடித்த கையை அசைக்காமல் இருந்தாள். "இடது கையாலதான் மடிச்சாரு," என்றாள்.

அண்ணி நிமிர்ந்தாள்.

"வலது கையில மருந்து ஊசி குத்திக் குத்தி வீங்கிச்சே, அப்பவே ரெண்டு விரல் மரத்துப்போச்சு. மடங்கவே இல்லை. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு. பட்டறை என்ன ஆகும்னு பயந்துடுவீங்களாம். பேப்பரைப் பல்லுல கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இடது கையால மடிப்பாரு. பேப்பரையா திங்கிறேன்னு நான் திட்டுவேன். வெளிய உங்க காலடி கேட்டுதுன்னா சடக்குனு எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்ப்பாரு."

பைண்டரம்மா ஈரத்தாளைப் பார்த்தாள். அவள் அறைக்குள் போகும்போதெல்லாம் அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்றைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். வானத்தைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள். சில நாள், தன் முகத்தைப் பார்க்க விரும்பவில்லையோ என்றுகூட நினைத்திருந்தாள்.

அழுகை வரும் என்று நாத்தனார் எதிர்பார்த்தாள். அண்ணி கேட்டது வேறு.

"இடது கையால, பல்லுல பிடிச்சு, எப்படி மடிப்பு இவ்வளவு நேரா விழுந்துது?"

"எனக்கென்ன தெரியும்?"

"இரு."

நாற்றை மண்ணோடு ஒரு கிண்ணத்தில் வைக்கச்சொல்லிவிட்டு, பட்டறைக்குப் போய் ஒரு துண்டுப் பழுப்புத் தாளோடு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் மடித்துப் பார்த்தாள். தாள் கோணிக்கொண்டு போனது. மறுபடி கடித்தாள். மூக்கில் குத்தியது. வலது கை உதவிக்கு வரத் துடித்தது, அதைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டாள்.

"ஆடு நோட்டீசைத் திங்கிற மாதிரி இருக்கு, அண்ணி."

"ம்ம்," என்றாள் அண்ணி, வாய் திறக்க முடியாமல். மூன்றாவது தடவை, கழுத்தைச் சாய்த்தாள். தாடையைத் தோள்பக்கம் கொண்டுபோனதும் தாள் இழுபட்டு நேரானது. கட்டைவிரல் நகத்தால் இழுத்தாள். கோடு விழுந்தது. அவர் அளவுக்கு இல்லை, ஆனால் கோடு. அவர் கழுத்தை எப்படிச் சாய்த்து உட்கார்ந்திருப்பார் என்று இப்போது அவள் கழுத்துக்குத் தெரிந்தது. வாயில் தாளின் உப்புச் சப்பற்ற ருசி. அந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். கண் நிறைந்தது, தாளை மட்டும் விடவில்லை.

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் முதுகில் கை வைத்தாள். வைத்தபடியே, "எனக்கும் ஒண்ணு குடுங்க," என்றாள்.

அன்றும் அதற்கடுத்த காலைகளிலும், நாத்தனார் டியூட்டிக்குப் போகுமுன், கூடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவர் கடைசியாகச் செய்த மடிப்பை முதலில் அவிழ்த்து, முதலில் செய்ததைக் கடைசியில் அவிழ்த்து, பின்னோக்கிப் போனாள் பைண்டரம்மா. ஒன்றுகூடக் கிழியவில்லை. அடியில், பசை தடிமனாக இருந்த இடத்தில், வேர் நுனிகள் முட்டிக் கருகிப்போய், பக்கவாட்டில் வெள்ளை நூல்களாகப் பிரிந்திருந்தன. இதைத்தான் விதைக்கடைக்காரர் சொன்னார். நாத்தனார் மூச்சைக்கூட மெதுவாக விட்டு, மண்கட்டி சிதறாமல் நாற்றை ஏந்துவாள். "இறங்கு, இறங்கு, அடுத்த ஸ்டாப் இல்லை," என்று சொல்லிக் குழியில் இறக்குவாள்.

பிரித்த தாள்களை நாத்தனார் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். பிறகு அழுத்துப்பலகைக்குக் கீழே வைத்துத் திருகவேண்டும் என்றாள். அந்த எந்திரத்தைச் சுற்ற இடம் வேண்டுமே, ஷட்டரை முழுசாகத் தூக்கவேண்டி வந்தது. தூக்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு வாத்தியார் கிழிந்த பாடப்புத்தகக் கட்டோடு நிமிர்ந்தபடியே உள்ளே வந்து நின்றார். தாள்களை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று அண்ணி கேட்கவில்லை. நாத்தனாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நாற்றுகளில் சில அப்படியே தலைசாய்ந்தன. அவற்றுக்காக இரண்டு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளவில்லை. மிச்சம் நின்றவை கொஞ்ச நாள் யோசித்தன. பிறகு ஒரு காலையில் நடுவிலிருந்து புதிதாக ஒரு பச்சை கிளம்பியது, பறவை இறகுபோல. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு விசில் அடித்தாள், பஸ் கிளம்பலாம் என்கிற இரட்டை விசில். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிடுங்குகிற நாள் வந்தபோது பைண்டரம்மா எல்லாவற்றையும் கழுவி, முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பினாள். கடைசி வரிசைக் கேரட்டுகள் அளவெடுத்ததுபோல நேராக இருந்தன. மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஒன்றுக்கு இரண்டு கால். ஒன்று காலைக் காலில் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒன்று குட்டையாக, பானை வயிற்றோடு. இரண்டு ஒன்றையொன்று கட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாமல் வந்தன.

"நம்ம கடைசி டிரிப்புல ஏறுற ஜனம் மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார்.

பைண்டரம்மா ஒரு நேர்க் கேரட்டையும் ஒரு கோணல் கேரட்டையும் எடுத்துத் தோல் சீவி, ஒரே அளவில் துண்டு போட்டாள். முகத்தில் அந்தப் பழைய, கடிகாரத்தைக் கழற்றிய சிறுமியின் களை.

"கண்ணை மூடு."

"எதுக்கு?"

"கூட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, வெளிய வந்து பிழைச்சது ஒரு ருசி, சிக்காம நேரா இறங்கினது ஒரு ருசியா இருக்குமா இல்லையா? அதைக் கண்டுபிடிக்கணும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"வேற யார் இருக்கா எனக்கு? மூடு."

நாத்தனார் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். அண்ணி ஒரு துண்டை வைத்தாள். நாத்தனார் மென்றாள், நீதிபதி மாதிரி. அடுத்த துண்டு. அதையும் மென்றாள். புருவத்தைச் சுருக்கினாள். அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன? முதல்லதா, ரெண்டாவதா, எது இனிப்பு?"

"இருங்க, இருங்க."

"தெரியுதா இல்லையா?"

"கோணலா இருக்கறது கொஞ்சம்..." என்று இழுத்து, மறுபடி மென்று, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள் நாத்தனார். "சரியாச் சொல்ல முடியலை. ரெண்டுலயும் இன்னொண்ணு குடுங்க."